மாஸ்க் பை

எறும்பு என்பது அணி அவளுக்கு வைத்த பெயர். ஆள் குட்டை. கையில் எதையாவது தூக்காமல் அவள் நடந்து யாரும் பார்த்ததில்லை. பந்துக் கூடை, தண்ணீர் கேன், கோல்கீப்பரின் கால் பேடுகள், இதற்கெல்லாம் மேலே அந்த நீல நிற மாஸ்க் பை. ஆட இடம் கிடைக்காமல் பெஞ்சைத் தேய்க்கிறவர்களிடம் இந்த மாதிரி வேலைகள் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். கல்லூரி ஹாக்கி அணியில் மூன்று வருடம் அவள் அப்படித் தேய்த்தாள்.

இன்று அதே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு வெல்டிங் பட்டறை வாசலில் நின்றிருந்தாள். மணி மூன்று. ஐந்து மணிக்குக் கல்லூரி வாசலில் பஸ். நாளைக்கு வேறு ஊரில் தேசியக் கல்லூரிப் போட்டியின் அரையிறுதி. கல்லூரி திறந்த நாளிலிருந்து எந்த அணியும் அங்கே எட்டிப் பார்த்ததில்லை. அதில் முதல் பதினோரு பேரில் எறும்பும் ஒருத்தி. அந்த இடத்துக்கு அவள் எவ்வளவு ஏங்கினாள் என்று அவளுக்குத் தெரியும். அது எப்படிக் கிடைத்தது என்பதும் அவளுக்கு மட்டும்தான் தெரியும். உள்ளே ஒரு இரும்புக் கேட்டின் மேல் குனிந்து பொறி பறக்க வேலை செய்துகொண்டிருந்த வெல்டர், பதினெட்டு நாளுக்கு முன்புவரை அந்த இடத்தில் ஆடிய பெண்ணின் அப்பா.

அந்தப் பெண்ணுக்கு அணியில் ரயில் என்று பெயர். எதிரணிக்குப் பெனால்ட்டி கார்னர் கிடைத்தால் கோல் கோட்டிலிருந்து நேராகப் பந்தை நோக்கி ஒருத்தி பாய்ந்து போக வேண்டும். வட்டத்தின் விளிம்பில் நிற்கிறவள் முழு வேகத்தில் அடிக்கப் போகும் பந்துக்கு முன்னால் போய் உடம்பைக் கொடுக்கிற வேலை. புத்தியுள்ளவர்கள் செய்கிற காரியமா இது? ரயில் செய்தாள், அதுவும் சிரித்துக்கொண்டு செய்தாள். அதற்காகத்தான் முகம் முழுவதையும் மூடும் மாஸ்க். மாஸ்க் இல்லாமல் கார்னர் பயிற்சி கிடையாது என்பது கோச்சின் சட்டம். பை எப்போதும் கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கும். அதைக் கொண்டுவந்து வைப்பது எறும்பின் வேலை.

அன்று காலை அவள் கொண்டுவரவில்லை. இரண்டு கையிலும் கால் பேடுகள் இருந்தன, அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று ஸ்டோர் ரூமிலேயே பையை விட்டுவிட்டாள். பயிற்சி முடிகிற நேரம். ஏதோ கையெழுத்துப் போட கோச் ஆபீசுக்குப் போயிருந்தார். அவர் வருவதற்குள் நாலைந்து ஓட்டம் ஓடிப் பார்க்கலாம் என்று ரயில் கோட்டில் வந்து நின்றாள். பந்தடிக்க இன்னொருத்தி தூரத்தில் வட்டத்தின் விளிம்பில் நின்றாள், மற்றவர்கள் கிளம்புவதற்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். கம்பத்துக்குப் பின்னால் பார்த்துவிட்டு எறும்பின் பக்கம் திரும்பினாள்.

"மாஸ்க் பை எங்கடி?"

ஸ்டோர் ரூமுக்குப் போய் வர நாலு நிமிடம் ஆகும். எறும்புக்குக் கால் வலித்தது, அவ்வளவுதான் காரணம். வேறு ஒரு மண்ணும் இல்லை.

"ரெண்டே ரெண்டு ஓட்டம்தான? அவ சும்மா மெதுவா அடிப்பா. நீ ஓடுடி."

முதல் ஓட்டம் நன்றாகத்தான் போனது. இரண்டாவதில் பந்து ரயிலின் மட்டை முனையில் பட்டு எகிறி முகத்தில் அடித்தது. அடித்தவள் மேல் தப்பே இல்லை, மெதுவாகத்தான் அடித்தாள். ரயில் மல்லாந்து விழுந்த சத்தத்தில் மைதானமே நின்றுபோனது. எல்லாரும் அவளைச் சுற்றிக் குனிய, "ஐஸ், ஐஸ்" என்று யாரோ கத்த, எறும்பு ஸ்டோர் ரூமுக்கு ஓடினாள். வரும்போது ஒரு கையில் ஐஸ் இருந்தது. இன்னொரு தோளில் பை இருந்தது. அதை எப்போது மாட்டினாள் என்று இன்றுவரை அவளால் சொல்ல முடியாது. ஆனால் கம்பத்துக்குப் பின்னால் அதைச் சத்தமில்லாமல் இறக்கி வைத்தது மட்டும் நன்றாக நினைவிருந்தது.

கோச் ஓடிவந்தார். பையைப் பார்த்தார். மூளைக்காரர்தான், ஆனால் கண்ணில் பட்டதைத்தானே நம்ப முடியும்? 'மாஸ்க் பக்கத்திலேயே இருந்தும் வீராங்கனை அணியவில்லை' என்று கல்லூரிக்கு எழுதிக் கொடுத்தார். ரயிலுக்கு இடது கண் போனது. இனி வராது என்று டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். தலை தரையில் மோதியதில் அன்று காலை நடந்தது எதுவும் அவள் நினைவில் இல்லை. ஆகவே எல்லாரும் சொன்னதை அவளும் நம்பினாள். எறும்பு வாயே திறக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மென்று முழுங்கியே பதினெட்டு நாளை ஓட்டினாள். ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை போனாள், அதுவும் பத்துப் பேரோடு பதினோராவது ஆளாக.

"வாம்மா," என்றார் வெல்டர், முகத்திலிருந்த கறுப்புக் கண்ணாடிக் கவசத்தைத் தூக்கிவிட்டு. "அஞ்சும் இருக்கா?"

"இருக்கு அங்கிள்."

கோச்சுக்கு அவர்தான் போன் செய்திருந்தார். போட்டிக்குப் போவதற்கு முன் மாஸ்க்குகளை ஒரு தடவை அனுப்புங்கள், பட்டையெல்லாம் நான் மாற்றித் தருகிறேன், இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு இப்படி ஆகக் கூடாது என்று கேட்டிருந்தார். "நீதான பை தூக்குறவ, நீயே போ," என்று கோச் அனுப்பிவிட்டார். அவள் மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வாள்?

மேசையில் கிடந்த துண்டுக் கம்பிகளை ஒதுக்கிவிட்டு ஐந்து மாஸ்க்கையும் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்து விரிசல் இருக்கிறதா என்று பார்த்தார். பழைய பட்டையை அறுத்து எறிந்து, தடிமனான புதுப் பட்டையை வைத்து ரிவெட் ஆணி அடித்தார். கை வேலையில் இருக்க, வாய் தன் பாட்டுக்குப் பேசியது.

"எலாஸ்டிக்கே செத்துப் போச்சும்மா இதுல. ஆனாலும் போட்டிருக்கணும்ல? பக்கத்துலயே பை. கையை நீட்டினா எடுக்கலாம். எடுக்கலயே அவ."

எறும்பு அடுத்த மாஸ்க்கை எடுத்து நீட்டினாள்.

"முப்பது வருஷமா இந்த வேலை செய்யறேன். ஒரு புள்ளி வெல்டு வைக்கணும்னாகூட மூஞ்சிய மூடாம வச்சதில்ல. இங்க பாரு, ரெண்டு கண்ணும் முழுசா இருக்கு. என்கூட வேலை கத்துக்கிட்டவனுங்க பாதிப் பேருக்குக் கிடையாது. அவ நடக்கப் பழகுறப்பவே இந்தக் கறுப்புக் கண்ணாடிய வச்சுத்தான் விளையாடுவா. பெருசா எதுவும் நான் சொல்லிக் கொடுத்ததில்ல. படிக்காதவன், என்னத்தச் சொல்லிக் கொடுக்க? இது ஒண்ணுதான் சொன்னேன். அதையும் காத்துல விட்டுட்டா."

"அவகிட்ட பேசுறீங்களா அங்கிள்?"

"என்னத்தப் பேச? தினம் காலைல நான் செருப்பு மாட்டுறப்ப வந்து நிப்பா. 'மன்னிச்சுடுங்கப்பா, போட்டிருக்கணும்'னு சொல்லுவா. நான் ஒண்ணும் சொல்லாம கிளம்பி வந்துடுவேன். வாயத் திறந்தா கத்திடுவேனோ அழுதுடுவேனோன்னு பயம். எதுவா இருந்தாலும் அவங்க அம்மாகிட்டதான். 'உன் பொண்ண மாத்திரை போடச் சொல்லு.' அவ பக்கத்து ரூம்லதான் இருப்பா, கேட்டுக்கிட்டுதான் இருப்பா."

ரயில் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். தினமும் காலையில், செய்யாத தப்புக்கு, பதில் சொல்லாத மனிதரிடம். எறும்பு இங்கே புதுச் சட்டையில் தன் பெயரையும் நம்பரையும் ஒட்டிக்கொண்டிருந்த நாட்களில் அங்கே அது நடந்துகொண்டிருந்தது.

மூன்றாவது மாஸ்க்கை முடித்ததும் வெல்டர் எழுந்து வந்து அதை அவள் முகத்தில் வைத்துப் பார்த்தார். "இது உனக்கு. நீதான இப்ப அவ இடத்துல ஓடுற? கோச் சொன்னார்." பின்னந்தலையில் பட்டையை இழுத்து அளவு வைத்தார். "இறுக்குதா?"

"இல்ல."

"நல்லாப் பாத்துக்கம்மா. நீயாவது சொன்ன பேச்சு கேக்குற பிள்ளை."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

"பை அங்க இல்ல அங்கிள்," என்றாள் மாஸ்க்குக்குள்ளிருந்து.

"என்னம்மா?"

"அன்னைக்குப் பை அங்க இல்ல. ஸ்டோர்ல இருந்துச்சு. நான்தான் கொண்டு வரல. அவ கேட்டா, மாஸ்க் பை எங்கடின்னு கேட்டா. நான்தான் ரெண்டே ரெண்டு ஓட்டம்தான, ஓடுன்னு சொன்னேன். அப்புறம் ஐஸ் எடுக்கப் போனப்ப பையையும் எடுத்துட்டு வந்து கம்பத்துக்குப் பின்னாடி வச்சுட்டேன்."

பட்டையைப் பிடித்திருந்த விரல்கள் அப்படியே நின்றன. அறையப் போகிறார் என்று நினைத்தாள். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் மெதுவாகக் கொக்கியைக் கழற்றி மாஸ்க்கை எடுத்து மேசையில் வைத்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். வெகுநேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மிச்சமிருந்த இரண்டு மாஸ்க்குகளுக்கும் பட்டை மாற்றினார். ஒரு ரிவெட்டைக் கோணலாக அடித்துவிட்டுப் பிடுங்கித் திரும்ப அடித்தார். ஐந்தையும் பையில் வைத்து ஜிப்பை இழுத்தார்.

"வண்டியில ஏறு," என்றார்.

வீடு மூன்று தெரு தள்ளி. அம்மா வேலைக்குப் போயிருந்தாள். ரயில் ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இடது கண்ணில் வெள்ளைத் துணி. இடப்பக்கம் யார் வந்தாலும் தெரியாததால் தலையை முழுதாகத் திருப்பிப் பார்த்தாள். அப்பாவோடு எறும்பைப் பார்த்ததும் அவசரமாக எழுந்து நின்றாள்.

"அவகிட்ட சொல்லு," என்றார் வெல்டர்.

எறும்பு சொன்னாள். பட்டறையில் சொன்னதைவிட இங்கே சொல்வது கஷ்டமாக இருந்தது. கேட்டு முடித்த ரயில் அவளை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

"அப்போ நான் கேட்டிருக்கேம்பா," என்றாள். "மாஸ்க் கேட்டிருக்கேன்."

அவர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"ஏன்டி இத்தனை நாள் வரல?" ரயில் இப்போதுதான் எறும்பின் பக்கம் திரும்பினாள்.

"பயம்."

"எங்கப்பாவுக்கா?"

"இல்ல." பொய் சொல்லச் சுலபமான இடம்தான். அவள் சொல்லவில்லை. "சொன்னா அணியிலேர்ந்து தூக்கிடுவாங்க. எனக்கு அரையிறுதி ஆடணும்னு இருந்துச்சு."

"எனக்கும்தான் இருந்துச்சு," என்றாள் ரயில்.

எறும்பின் போன் அடித்தது. கோச். மணி நாலே முக்கால் ஆகியிருந்தது.

"எங்கம்மா இருக்க? எல்லாரும் ஏறியாச்சு. பைய வாங்க ஒரு நாளா?"

எறும்பு நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள். மூன்றாவது தடவையாகச் சொல்லும்போது அது சின்னதாகிவிட்டது, நாலைந்து வாக்கியத்தில் முடிந்துபோனது. இவ்வளவுதானா விஷயம், இதைச் சொல்லவா பதினெட்டு நாள் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. அந்தப் பக்கம் பஸ்ஸின் இன்ஜின் சத்தமும் பெண்களின் பாட்டுச் சத்தமும் கேட்டன.

"மாஸ்க் அஞ்சும் உங்கிட்டயா இருக்கு?"

"ஆமா சார்."

"அது வந்தாகணும். நீ வர வேண்டாம்."

வெல்டர் அவள் தோளிலிருந்து பையைக் கழற்றினார். "நான் கொண்டுபோய்க் குடுத்துடறேன். அந்தப் பிள்ளைங்க என்ன பண்ணும்?" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். வாசல்வரை போனவர் திரும்பி நின்றார். மகளிடம் என்னவோ சொல்ல நினைத்தார். பதினெட்டு நாள் பேசாத வாய், உடனே திறந்துவிடுமா?

"ஜன்னலச் சாத்திக்கம்மா," என்றார். "தூசி வருது."

"சரிப்பா," என்றாள் ரயில். வண்டி கிளம்பும் சத்தம் கேட்ட பிறகுதான் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஒரு கண்ணில்தான் அழ முடிந்தது, இன்னொன்று துணிக்கு அடியில் எரிந்திருக்க வேண்டும், அதன் மேல் உள்ளங்கையை அழுத்திக்கொண்டாள். எறும்பு ஜன்னலைச் சாத்தினாள். தொட்டு ஆறுதல் சொல்ல அவளுக்கு எந்த உரிமையும் இல்லை. போகச் சொன்னால் போய்விடலாம். ரயில் போகச் சொல்லவில்லை.

மாஸ்க் பை போய்ச் சேர்ந்ததும் அரையிறுதிக்குப் போகும் பஸ் கிளம்பிவிடும். இருவருமே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

"உக்காரு," என்றாள் ரயில் கடைசியில். "உன்னை மன்னிப்பேனான்னு எனக்குத் தெரியாது. அதைக் கேக்காத."

"கேக்கல."

"அன்னைக்குக் காலைல என்ன நடந்துச்சுன்னு முதல்லேர்ந்து சொல்லு. எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. மைதானத்துக்கு நடந்து வந்ததுகூட இல்ல."

எறும்பு சொன்னாள். புல்லில் ஈரம் இருந்தது, நீ ஷூ கயிற்றை ரெண்டு தடவை கட்டின, கோல்கீப்பரைக் கிண்டல் பண்ணின, கோச் ஆபீசுக்குப் போனார், நீ கோட்டில் போய் நின்ன, கம்பத்துக்குப் பின்னால் பார்த்த. ரயில் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இருட்டுக்குள் எதையோ தேடுகிறவள்போல உதடுகள் அசைந்தன.

"அப்புறம் நான் கேட்டேன்."

"கேட்ட."

"எப்படி? இப்படியா?" அவள் கண்ணைத் திறக்காமலே எறும்பின் பக்கம் தலையைத் திருப்பினாள். மைதானத்தில் கேட்ட அதே குரலில் கேட்டாள்.

"மாஸ்க் பை எங்கடி?"

இந்தத் தடவை எறும்பு எழுந்து நின்றாள்.

"ஸ்டோர்ல இருக்குடி," என்றாள். "நீ ஓடாத. நாலே நிமிஷம், நான் போய் எடுத்துட்டு வந்துடறேன்."