மூன்று மாடித் துணி

இன்ஷிராஹ் துணிக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கதவைத் திறந்தபோது படிக்கட்டுச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, கட்டம் கட்டி, மூன்று நிறத்தில் எழுதியிருந்தது. சனி, செவ்வாய் கீழ் வீடு. ஞாயிறு, புதன் நடு வீடு. திங்கள், வியாழன் மேல் வீடு. வெள்ளிக்கு எதிரே ‘ஓய்வு’ என்று போட்டு, பக்கத்தில் ஒரு சின்னப் பூ. அவள் அதை இரண்டு முறை படித்தாள். மற்றதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். அந்தப் பூவைத்தான் பொறுக்க முடியவில்லை. அன்று செவ்வாய். கூடையில் இருந்தது நடு வீட்டுத் துணி, அதாவது அவள் வீட்டுத் துணி. திரும்ப உள்ளே போய்க் கூடையைக் குளியலறையில் வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். செய்ய வேலை ஒன்றும் இல்லாமல் அந்த நேரத்தில் அவள் உட்கார்ந்தது கல்யாணமாகி வந்த இந்தப் பதினான்கு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

மஹல்லா நகரத்தில், நெசவாலைக்குப் பின்னால் உள்ள சந்தில், அந்த வீடு மூன்று தட்டாக நின்றது. கீழே மாமியார், ஹஜ் போய்வந்த ஹாஜ்ஜா ஸஹிய்யா. நடுவில் மூத்த மகன் ஸப்ரி, இன்ஷிராஹ், அவர்களுடைய மூன்று பிள்ளைகள். மேல் தளம் வெறும் செங்கல்லாக வெகுநாள் கிடந்து, வாயில் என்ற சின்ன மகனுக்குக் கல்யாணம் நிச்சயமான பிறகுதான் பூசி வண்ணமடித்தார்கள். அதற்கும் மேலே மொட்டை மாடி. தண்ணீர்த் தொட்டி, புறாக்கூடு, எட்டுக் கொடிகள். எட்டும் இன்ஷிராஹ் கட்டியவை. சந்தைப் பார்த்த முதல் கொடியில் வெள்ளை, அதற்கடுத்ததில் ஆண்களின் ஜல்லாபிய்யா அங்கிகள், பிறகு பிள்ளைகள் துணி பெரியதிலிருந்து சிறியதாக. உள்ளாடைகள் நடுக்கொடியில், வெளியே யார் கண்ணுக்கும் படாமல். வெள்ளைக்கு நீலம் போடுவதில் அவளுக்கு இணை அந்தச் சந்தில் கிடையாது. எதிர்வீட்டுப் பெண்கள் பலகணியில் நின்று பார்ப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். பார்க்கட்டும் என்றுதான் தொங்கவிடுவாள்.

துணி துவைக்கிறவளுக்கு வீட்டில் மறைவாக எதுவும் இருக்க முடியாது. கல்யாணத்துக்கு முன்பே சின்னவன் சிகரெட் பிடித்ததை அவன் சட்டைப்பை சொல்லித் தெரிந்துகொண்டாள். மாமனாருக்கு முடியாமல் போவதை, மருத்துவருக்கும் முன்னால், அவருடைய சட்டைக் கழுத்து பெரிதாகிக்கொண்டே வந்ததில் கண்டாள். எதையும் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு வருஷத்துக்கு முன் ஒரு காலை, ஹாஜ்ஜாவின் குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பையைப் பார்த்தாள். உள்ளே படுக்கை விரிப்பு, நான்காக மடித்து, நனைந்து. வாடையே விஷயத்தைச் சொல்லிவிட்டது. மற்றவர்கள் எழுவதற்கு முன் அதைத் துவைத்தாள். இரண்டு பெரிய விரிப்புகளுக்கு நடுவே காயப்போட்டாள். மாலையில் கட்டில் கால்மாட்டில் கொண்டுபோய் வைத்தாள். அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அந்தப் பை அங்கே இருக்கும். ஹாஜ்ஜாவும் வாய் திறக்கவில்லை, இவளும் திறக்கவில்லை. அந்த வாய் திறக்காமையில் இன்ஷிராஹுக்கு ஒரு பெருமை இருந்தது. பெற்ற மகள் ஸாமியாவுக்குக்கூடத் தெரியாதது தனக்குத் தெரியும் என்ற பெருமை.

சின்னவன் மனைவி ரபாப் வந்து மூன்று மாதம். கல்யாணத்துக்கு முன் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி பரிசோதிக்கும் வேலை பார்த்தவள். ஒரு சட்டையைக் கையில் எடுத்தால் தையல் எங்கே நழுவியிருக்கிறது என்று விரலாலேயே சொல்லிவிடுவாள். சீர்வரிசையாக அவள் கொண்டுவந்த தானியங்கி சலவை மெஷின் படிக்கட்டுத் திருப்பத்தில் இடித்து மேல் மாடிக்கு ஏறவில்லை. சரி, படிக்கட்டுக்குக் கீழே உள்ள அறையிலேயே இருக்கட்டும், மூன்று வீட்டுக்கும் ஆகும் என்று ஹாஜ்ஜா சொன்னாள். இன்ஷிராஹின் பழைய வட்டத்தொட்டி மெஷின் மொட்டை மாடிக்குப் போய்ப் புறாக்கூட்டுப் பக்கத்தில் குப்புறக் கிடந்தது. பிறகு ரபாப் அந்தக் காகிதத்தை ஒட்டினாள், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கூடை வைத்தாள், துவைத்து மடித்துக் கொடுப்பதும் அவளே என்று ஆயிற்று. துணி மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொரு கழுத்துப்பட்டியிலும் உள்பக்கமாக இரண்டு தையல். கீழ் வீட்டுக்கு வெள்ளை நூல், நடு வீட்டுக்குப் பச்சை, மேல் வீட்டுக்குச் சிவப்பு. எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. இனிமேல் இடுப்பொடிய நிற்க வேண்டாம், உனக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும் என்று ஸப்ரி சந்தோஷமாகச் சொன்னான். ஆலையிலிருந்து வந்து குளித்து அங்கியை மாட்டிக்கொண்டு, துணி இவ்வளவு மெத்தென்று இருக்கிறதே என்று கையைத் தடவிப் பார்த்தான். அதை அவன் தன்னிடமே சொன்னது இன்ஷிராஹுக்கு எரிந்தது.

மடித்து வந்த துணியையெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு உதறி, தன் மடிப்பில் மறுபடி மடித்து வைத்தாள். ஒருநாள் ஊசியை எடுத்து, மகன் ஹாஸிமின் பள்ளிச் சட்டையிலிருந்து பச்சை நூலைப் பிரித்துவிட்டாள். சட்டை மேல் வீட்டுக்குப் போகட்டும், குழம்பட்டும், பெரிய ஏற்பாடு என்று பேசியவர்கள் பார்க்கட்டும். சட்டை அப்படியே மேலே போயிற்று. மறுநாள் காலை கதவுப்பிடியில் தொங்கியது, புதிதாகப் பச்சைத் தையலோடு. அதை ரபாப் யாரிடமும் சொல்லவில்லை. படியில் எதிரே பார்த்தபோது வழக்கம்போலச் சிரித்து, பிள்ளைக்குப் பொத்தான் ஒன்று தளர்ந்திருந்தது, அதையும் இறுக்கிவிட்டேன் அக்கா என்றாள். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

இதற்கிடையே அந்தக் கறுப்புப் பையைக் காணவில்லை. தேநீர் கொடுக்கக் கீழே போகும்போதெல்லாம் கதவுக்குப் பின்னால் பார்ப்பாள். இரண்டு வாரம் ஆயிற்று, இல்லை. குணமாகிவிட்டது போலிருக்கிறது, அல்லாஹ்வுக்கு நன்றி என்று நினைத்துக்கொண்டாள். நினைத்தபோதே உள்ளே ஏதோ ஒன்று காலியானது போல இருந்தது. அது ஏன் என்று யோசிக்க அவளுக்கு விருப்பமில்லை.

ஒரு வியாழக்கிழமை தேநீர்த் தட்டோடு இறங்கியவள் கடைசிப் படியில் நின்றுவிட்டாள். ஹாஜ்ஜா சிரித்துக்கொண்டிருந்தாள். மாமனார் போனதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் கேட்டிராத சிரிப்பு, மூச்சு வாங்குகிற சிரிப்பு. கதவு பாதி திறந்திருந்தது. ரபாப் கட்டில்மேல் முழங்காலிட்டு, மருந்துக்கடையில் விற்கும் தண்ணீர் ஊறாத விரிப்பை மெத்தைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். அவள் தோளில் ஹாஜ்ஜாவின் நனைந்த விரிப்பு, சும்மா ஒரு துண்டைப் போட்டிருப்பது மாதிரி. தன் பெரியம்மா ஒரு கல்யாண வீட்டில் தும்மிவிட்டு என்ன பாடுபட்டாள் என்ற கதையை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். ஹாஜ்ஜா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போதும் பெண்ணே, மறுபடி நனைத்துவிடுவேன் என்றாள். இன்ஷிராஹ் தட்டோடு திரும்பி மேலே ஏறினாள். தேநீரைத் தொட்டியில் கொட்டினாள். ஒரு கிழவியின் மூத்திரத் துணிக்காகவா இந்த எரிச்சல் என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். ஆமாம், அதற்காகத்தான். அதுவும் போய்விட்டது. அவளுக்கென்று இருந்த கடைசி ஒன்றும் போய்விட்டது.

மறுநாள் வெள்ளி. ஜும்ஆ தொழுகை முடிந்து எல்லோரும் கீழ் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார்கள். தன்தா நகரத்திலிருந்து ஹாஜ்ஜாவின் மகள் ஸாமியாவும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். வாத்து பொரித்திருந்தது, பூண்டு தாளித்த முலூகிய்யா கீரையும் சோறும் இருந்தன. பேச்சு எங்கெங்கோ போய், ஸாமியா மூக்கை உறிஞ்சி, வீடே என்ன வாசமாக இருக்கிறது, எல்லாம் புதுப் பெண்ணின் கைராசி என்றாள். சுவரில் ஒட்டிய காகிதத்தைத் தன் வீட்டுக்கும் ஒன்று எழுதித் தரச் சொன்னாள். சின்னவன் பெருமையாகத் தலையாட்டினான். ஸப்ரியும், ஆமாம், இப்போதுதான் துணியே ஒழுங்காகத் துவைக்கிற மாதிரி இருக்கிறது என்று, எதையும் யோசிக்காமல், ஒரு கவளத்துக்கும் அடுத்த கவளத்துக்கும் நடுவில் சொன்னான்.

இன்ஷிராஹ் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வாசம் வராம என்ன. ராத்திரிக்கு ராத்திரி நனையுற விரிப்புக்கு ரெண்டு தடவ சோப்பு போடணும்ல. நான் ஒரு வருஷம் போட்டேன். காத்துக்குக்கூட சொல்லல."

மாப்பிள்ளை தட்டைப் பார்த்தார். ஸாமியா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். பார்வை தாயை நோக்கித் திரும்பியபோது ஹாஜ்ஜா கையில் இருந்த ரொட்டித் துண்டைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். அப்போது ரபாப் ஸாமியாவைப் பார்த்துப் பேசினாள். முகம் கழுத்து வரைக்கும் சிவந்திருந்தது, குரல் மட்டும் சாதாரணமாக இருந்தது.

"என்னுதுதான் மதினி அது. எனக்கு சின்ன வயசுலேருந்தே இருக்கு. பயந்தா வந்துரும். புது வீடு பாருங்க."

அவள் கணவன் வாயில் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்குத் தெரியாதா என்ன, பக்கத்தில் படுத்து எழுகிறவன். வாயைத் திறந்தான், பிறகு மூடிக்கொண்டு சோற்றைப் பிசைந்தான். ரபாப் வந்தே மூன்று மாதம்தான், அப்படியிருக்க ஒரு வருஷம் துவைத்தேன் என்று இன்ஷிராஹ் எப்படிச் சொல்கிறாள் என்று கணக்குப் பார்க்க அங்கே யாருக்கும் மனம் வரவில்லை. ஸாமியா மட்டும் குரலைத் தாழ்த்தி, அதற்கெல்லாம் இப்போது மருந்து இருக்கிறது, பிள்ளை உண்டாவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்றாள். ரபாப் சரி சரி என்று தலையாட்டினாள். ஹாஜ்ஜா ரொட்டியை முலூகிய்யாவில் தொட்டு வாயில் வைத்து, வெகுநேரம் மென்றுகொண்டே இருந்தாள்.

மாலையில் விருந்தாளிகள் போன பிறகு ஹாஜ்ஜா இன்ஷிராஹைக் கூப்பிட்டனுப்பினாள். ஏச்சுக்குத் தயாராகத்தான் இவள் போனாள். நடு வீட்டிலிருந்து கீழ் வீட்டுக்குப் பன்னிரண்டு படி. அதற்குள் சொல்ல வேண்டிய பதிலையெல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டாள். ஹாஜ்ஜா விளக்குப் போடாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"ஒரு வருஷம் தொவச்ச நீ. உன் கைய புடிச்சு முத்தம் குடுக்கணும் நான், ஹாஸிமப் பெத்தவளே. அத இல்லன்னு சொல்லல" என்றாள். "ஆனா ஒரு வார்த்த பேசலியே நீ. டீ கொண்டாந்து வெக்கிறப்ப உன் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருப்பேன். கல்லு மாதிரி இருக்கும். எவ்வளவு அருவருப்பா இருக்கோ இவளுக்குன்னு நெனச்சுப்பேன். அந்தப் பைய வெக்கிற அன்னைக்கெல்லாம் எனக்கு சோறு எறங்காது."

"அருவருப்பில்ல அத்தை. மரியாதைக்குத்தான் பேசல."

"எனக்கெப்படித் தெரியும் அது?"

இன்ஷிராஹ் படியில் அடுக்கி வைத்தவற்றில் இதற்கு எதுவும் பொருந்தவில்லை. ரபாப் ஒருநாள் பையைத் தற்செயலாகப் பார்த்துவிட்டதையும், பிரித்துப் பார்த்துவிட்டு, ஐயோ அத்தை, இதையா ஒளித்து வைக்கிறீர்கள் என்று சிரித்ததையும் ஹாஜ்ஜா சொன்னாள். அவள் சிரித்ததும் தானும் சிரித்துவிட்டதாகச் சொன்னாள்.

"அவ ஏன் தன் தலையில போட்டுக்கிட்டா?" என்றாள் இன்ஷிராஹ். தன் குரல் சிறுபிள்ளை மாதிரி ஒலித்தது அவளுக்கே கேட்டது. "நல்ல பேரு வாங்கவா?"

"அத விடு. போட்டுக்கிட்டவள நான் ஏன் சும்மா பாத்துக்கிட்டிருந்தேன், அதக் கேளு." ஹாஜ்ஜா முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். "மாப்பிள்ள உக்காந்திருந்தாரு. வாயில ரொட்டி இருந்துச்சு. முழுங்கிட்டு சொல்லலாம்னு நெனச்சேன். முழுங்கவே முடியல."

மேலே சின்னவனின் குரல் உயர்ந்து தணிந்தது. ரபாபின் குரல் கேட்கவே இல்லை.

சனிக்கிழமை நண்பகலுக்குள் தெற்கே வானம் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. பாலைவனத்துப் புழுதிக்காற்று. இன்ஷிராஹ் ஜன்னல்களை அடைத்துவிட்டு வந்தபோதுதான் மாடியில் கொடிகள் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. காகிதத்தில் எழுதிய முறையை விட்டு, மூன்று வீட்டுத் துணியையும் சேர்த்துக் காலையில் ரபாப் காயப்போட்டது. யாரும் எடுக்கப் போகவில்லை. மேல் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. காலையில் அவள் காயப்போட்டு இறங்கியதிலிருந்து அது திறக்கவே இல்லை. அதைத் தாண்டி ஏறும்போது அவள் அடி மெதுவானது. தட்டலாமா என்று கையைத் தூக்கியவள், பிறகு மொட்டை மாடிக்கு ஏறிவிட்டாள்.

கண்ணைத் திறக்க முடியவில்லை, பல்லில் மணல் நறநறத்தது. எட்டுக் கொடியும் நிறைந்திருந்தன. அவள் வழக்கமாக வைக்கும் வரிசை இல்லை அது; எந்தத் துணி கடைசியில் காயுமோ அது காற்று வரும் பக்கம் இருந்தது. பதினான்கு வருஷத்தில் தனக்கு அது தோன்றியதில்லை என்று, புழுதிக்கு நடுவே, கிளிப்புகளைப் பிடுங்கிக்கொண்டே நினைத்தாள். நினைத்தபோது மறுபடி எரிந்தது. பச்சை, சிவப்பு, வெள்ளை என்று பார்க்க நேரமில்லை. ஹாஜ்ஜாவின் விரிப்பு வெட்டவெளியில், முன்கொடியில், எல்லோரும் பார்க்கக் கிடந்தது. அதை இழுத்தபோது முகத்தில் சுற்றிக்கொண்டது. நல்ல வாசம். எந்தச் சோப்பு என்று கேட்கவேண்டும், கேட்க மாட்டாள்.

எல்லாவற்றையும் அள்ளியாயிற்று. மூன்று வீட்டுத் துணியும் இரண்டு கைக்குள் அடங்காமல் மோவாய் வரைக்கும் குவிந்து, எதிரே எதுவும் தெரியவில்லை. முதுகால் மாடிக் கதவைத் தள்ளி உள்ளே வந்து, இருட்டில் முதல் படியைக் காலால் தேடினாள். குவியலிலிருந்து ஒரு காலுறை நழுவிப் படியில் விழுந்தது. குனிந்தால் எல்லாம் சரிந்துவிடும். அப்படியே மோவாயால் துணியை அழுத்திக்கொண்டு, ஒரு கால் படியிலும் ஒரு கால் அந்தரத்திலுமாக அவள் நின்றாள். ஒரு தட்டு கீழே, மேல் வீட்டுத் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. பிறகு செருப்பில்லாத காலடிகள் மேலே ஏறி வந்தன.