அமீர் நிஷா மறைத்தது

ஹஃப்ஸாவின் கையில் வளையல் ஏறவில்லை. மாமியார் அமீர் நிஷா சோப்பு நுரை தடவி அழுத்திப் பார்த்தாள். விரல் பதிந்த இடம் குழியாகவே நின்றது.

"எல்லாம் உம்மா வூட்டு நெய்ச்சோறு! கை பன்னு மாதிரி ஆயிடுச்சு பாரு!" என்றாள் ஜன்னத். அமீர் நிஷாவின் மகள் பஹீமாவைத் தன் மகனுக்குக் கேட்டிருப்பவள் அவள். ஏழாம் மாத விருந்துக்கு வந்திருந்த பெண்கள் சிரித்தார்கள்.

"தலை இடிக்குது மாமி. கண்ணு முன்னால என்னமோ மின்னுது" என்றாள் ஹஃப்ஸா மெதுவாக.

ஹஃப்ஸாவின் கணவன், இப்போது துபாயில் இருக்கும் மகன் ஆபித்தைச் சுமந்தபோது அமீர் நிஷாவுக்கும் இதே வீக்கம், இதே மின்னல். பிரசவத்தன்று வலிப்பு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். 'ஜின் தொட்டிருக்கு. வெளிய மூச்சு விடாதே, நாளைக்கு உன் புள்ளைங்களுக்கு யாரு சம்பந்தம் பேசுவா?' என்று அவள் மாமியார் அன்றே வாயை அடைத்துவிட்டாள். மூன்றாம் மாதம் ஹஃப்ஸாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, குடும்பத்தில் யாருக்காவது கர்ப்பத்தில் வீக்கமோ வலிப்போ வந்ததுண்டா என்று டாக்டர் கேட்டார். அப்போதும் அந்த வாய் திறக்கவில்லை.

"மாசமா இருந்தா வீங்கத்தான் செய்யும். சுக்குக் காப்பி போட்டுத் தர்றேன்" என்று ஹஃப்ஸாவின் தாய் எழுந்தாள்.

சொன்னால் பஹீமாவின் சம்பந்தம் போய்விடும். சொல்லாவிட்டால்? அமீர் நிஷா உட்கார்ந்தாள், எழுந்தாள், வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"காப்பி வேணாம் சம்பந்தி, ஆட்டோவைக் கூப்பிடுங்க! ஆபித் பொறந்தப்ப எனக்கு வலிப்பு வந்துச்சு. ஜின்னுமில்ல, ஒண்ணுமில்ல. இதே மாதிரி வீங்கி, இதே மாதிரி கண்ணு மின்னித்தான் வந்துச்சு!"

ஜன்னத்தின் கை, மடித்த வெற்றிலையோடு அப்படியே நின்றது.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுவிட்டு வெளியே வந்தார் டாக்டர் பிரதீபா.

"பிரஷர் எக்கச்சக்கமா ஏறியிருந்துச்சு. இப்பதான் இறங்குது. லேட்டாயிருந்தா ரெண்டு உயிருக்கும் ஆபத்து. முன்னாலேயே சொல்லியிருந்தா அப்பவே மாத்திரை ஆரம்பிச்சிருப்பேனேம்மா?"

"அவ என் வயித்துல பொறந்தவ இல்லியே டாக்டரம்மா? எனக்கு வந்தது அவளுக்கு எப்படி வரும்?"

"அவ வயித்துல வளர்றது உங்க மவன் புள்ளதானே? தகப்பன் வழியிலயும் வரலாம். எல்லாருக்கும் வரணும்னு இல்ல. தெரிஞ்சா ஆரம்பத்துலேருந்தே கவனிச்சுப்போம்."

பின்னாலேயே வந்திருந்த ஜன்னத் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இதை மறைச்சுத்தான் எங்க வூட்டுல பொண்ணு குடுக்கப் பார்த்தீங்களாக்கும்?"

"ஆமா, மறைச்சேன்" என்றாள் அமீர் நிஷா. "இனிமே பஹீமாவைக் கேட்டு வர்றவங்ககிட்ட முதல்ல இதைத்தான் சொல்லுவேன். புள்ள உண்டானா டாக்டர்கிட்டயும் சொல்லச் சொல்லுவேன். போற சம்பந்தம் போகட்டும், இன்னொண்ணு வரும். நாம வாயை மூடிக்கிட்டதால போற உயிரு திரும்பி வராது."