வலது பக்கத்துச் சீட்

வெர்லின் அந்தச் சீட்டைக் கழற்றியபோது அவன் மனதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. இதை அவனே தனக்குப் பலமுறை சொல்லிக்கொண்டான். கெட்ட எண்ணம் இல்லாதவன் எதற்கு ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று கேட்க அந்தக் கார் ஷெட்டில் வேறு ஆள் இல்லை.

அந்தச் சீட் இருந்த மீன்பிடிக் கூடாரம் அவனும் நண்பன் டெல்மரும் பொதுவாக வாங்கியது. ஆள் படுக்கும் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் தொட்டி, அதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சீட். பின்னால் மடிந்து கிடக்கும் கனத்த துணியைக் குழந்தை வண்டியின் மூடி மாதிரி தலைக்கு மேல் இழுத்து முன்னால் கவிழ்த்துவிட்டால் காற்று உள்ளே வராது. ஏரி உறைந்ததும் அதைப் பனிவண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போய், பனியில் துளை போட்டு, தூண்டிலை இறக்கிவிட்டு உட்கார வேண்டியதுதான். இடது பக்கம் வெர்லின், வலது பக்கம் டெல்மர். இளவட்டமாக இருந்த காலத்திலிருந்து அப்படித்தான். மினசோட்டாவின் வடகோடியில் ஆண்கள் அதிகம் பேசமாட்டார்கள். பக்கத்துச் சீட்டில் ஆள் இருந்தால் போதும்.

இலையுதிர் காலத்தில் டெல்மருக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் போய்விட்டன. வெர்லின் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டில் பக்கத்தில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். டெல்மரின் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. அவன் எதையோ சொன்னான், திரும்பவும் சொன்னான். ஒரு எழுத்துகூட விளங்கவில்லை. "ஆமா ஆமா, அதுக்கென்ன, பாத்துக்கலாம்" என்று வெர்லின் தலையை ஆட்டினான். பிறகு வெளியே வந்து, வண்டிக்குள் உட்கார்ந்து, குலுங்கிக் குலுங்கி அழுதான். அழுது முடித்தபோது தீர்மானமாகிவிட்டது, டெல்மர் இனி ஏரிக்கு வரமாட்டான் என்று. டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. டெல்மரின் மனைவி மார்லிஸும் சொல்லவில்லை. இவனாகவே முடிவுகட்டிவிட்டான்.

குளிர்காலம் பிறக்கும்முன் ஷெட்டில் கூடாரத்தை விரித்து வைத்தான். முதலில் பேட்டரிப் பெட்டிக்கு ஓர் இடம் வேண்டும் என்றுதான் ஆரம்பித்தான். டெல்மர் கால் வைக்கும் இடம் தோதாக இருந்தது. வைத்துப் பார்த்தால் சீட் இடித்தது. சரி, இந்த வருஷத்துக்கு மட்டும் என்று போல்ட்டுகளைக் கழற்றினான்.

அவ்வளவுதான், காலி இடம் கண்ணில் பட்டதும் ஆசை பெருக்கெடுத்துவிட்டது. பேட்டரிப் பெட்டிக்கு மேலே ஹீட்டருக்கு ஒரு மேடை கட்டினான். பக்கவாட்டுக் கம்பியில் தூண்டில்களை வரிசையாக மாட்டக் கொக்கிகள் வைத்தான். உள்கூரை ஓரமாக விளக்குப் பட்டை ஓட்டினான். காலுக்கு ரப்பர் மெத்தை, துணிக்கு உள்ளே இன்னொரு மெத்தைத் துணி, தொட்டிக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போகப் பட்டைச் சட்டங்கள். எதை எடுக்கவும் எழுந்திருக்க வேண்டாம். தூண்டில் புழு விற்கிற கடையில் நாலு பேர் அதைச் சுற்றி வந்து பார்த்து, "மோசமில்லையே" என்றார்கள். அந்த ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

சீட்டை என்ன செய்வது? ஷெட்டின் மூலையில் அது கிடந்தது, இவன் எங்கே திரும்பினாலும் இவனையே பார்த்துக்கொண்டு. ஒரு நாள் அதைத் தூக்கிக்கொண்டு போய், தீயணைப்பு நிலையத்தில் கிறிஸ்துமஸுக்கு முன்னால் நடக்கும் பழைய சாமான் விற்பனைக்கு என்று போட்டுவிட்டு வந்தான்.

இத்தனையும் செய்தவன், தனியாக உட்கார்ந்து நண்பனை நினைத்து உருகினான் என்றால் மன்னித்துவிடலாம். அவன் உருகவில்லை. அவனுக்குப் பிடித்திருந்தது. வலது பக்கம் காலை நீட்டி உட்கார்ந்தான். டெல்மரின் ஈரக் கையுறை நாற்றம் இல்லை, மூச்சிரைப்பு இல்லை, ரேடியோவைக் குறைக்கச் சொல்ல ஆள் இல்லை. மீன்களும் அந்த வருஷம் அள்ளிக் கொடுத்தன. ஒரு நாள் ரேடியோவில் எதற்கோ வாய்விட்டுச் சிரித்துவிட்டு, பழக்கத்தில் வலது பக்கம் திரும்பினான். அங்கே பேட்டரிப் பெட்டிதான் இருந்தது. சீ, நானெல்லாம் ஒரு மனுஷனா என்று தோன்றியது. தோன்றி என்ன, மறுநாளும் போனான்.

அதற்குப் பிறகு டெல்மர் வீட்டுக்குள் காலை வைக்க முடியவில்லை. வாரா வாரம் இவன் மனைவி லவோன், உருளைக்கிழங்கும் கறியும் அடுக்கிச் சுட்ட ஹாட்டிஷ் செய்து மூடிபோட்ட கண்ணாடிப் பாத்திரத்தில் கொடுத்துவிடுவாள். இவன் அதைக் கொண்டுபோய், பூட்ஸ் கழற்றும் முன்னறையில் வைத்துவிட்டு, "மார்லிஸ், வெச்சிருக்கேன்! வேலை கெடக்கு, வரேன்!" என்று குரல் கொடுத்துவிட்டு ஓடிவந்துவிடுவான்.

"என் பாத்திரமெல்லாம் எங்கங்க?" என்றாள் லவோன். "சுடறதுக்கு ஒண்ணு இல்ல. மார்லிஸ் திருப்பித் தரலையா?"

"கேக்கல."

"கேக்க வேண்டாம், உள்ள போய் உக்காந்தா அவளே தருவா. அவ கை இனிப்புத் துண்டு சாப்பிட்டே எவ்வளவு நாளாச்சு!"

அங்கே பாத்திரத்தை யாரும் வெறுமையாகத் திருப்பித் தரமாட்டார்கள். ஒரு கை பிஸ்கட்டாவது வைத்துத்தான் தருவார்கள். பேச்சு முறிந்த வீட்டிலிருந்துதான் வெறும் பாத்திரம் வரும்.

பிப்ரவரியில் மார்லிஸ் போன் செய்தாள்.

"வெர்லின், ஒரு உதவிப்பா. உனக்குச் சிரமம்னா வேண்டாம்."

"ஒரு சிரமமும் இல்ல, சொல்லு."

"சனிக்கிழமை டெல்மரை ஏரிக்குக் கூட்டிட்டுப் போறியா? டாக்டர் சரின்னுட்டாரு. கோல் ஊன்றி நல்லா நடக்கறாரு. பேச்சும் வந்துடுச்சு. அவர் சீட்டுல ஒரு மணி நேரம் உக்காந்துட்டு வந்தாப் போதும்."

"தாராளமா" என்றான் வெர்லின். "அதுக்கென்ன, தாராளமா."

போனை வைத்தவன் நேராகத் தீயணைப்பு நிலையத்துக்கு ஓடினான். அங்கே இருந்தவர் சிரித்தார். "அதுவா? கதவு தொறந்ததுமே போயிடுச்சே. யாரோ ஒரு அம்மா தூக்கிட்டுப் போனாங்க."

கடையில் சுழலும் சீட் ஒன்றை வாங்கிவந்தான். அந்த வாரம் முழுக்க ஷெட்டிலேயே கிடந்தான். பேட்டரிப் பெட்டியைப் பின்னால் தள்ளினான், ஹீட்டர் மேடையைத் தன் பக்கம் மாற்றித் தன் காலை ஒடுக்கிக்கொண்டான். டெல்மர் பிடித்து எழுந்திருக்க வலது பக்கம் ஒரு கைப்பிடி. ஒரே கையால் மீனை இழுக்கத் தோதாக, தூண்டிலைக் கவ்விப் பிடிக்கும் தாங்கி ஒன்று. அத்தனையும் நல்ல வேலை, மனசாரச் செய்த வேலை. செய்யச் செய்ய ஒரு பொய்யும் தானாக வந்து வாயில் உட்கார்ந்துகொண்டது. எல்லாம் உனக்காகத்தான் செஞ்சேன் டெல்மர். கையில் ஸ்பேனரை வைத்துக்கொண்டு அதைப் பலவிதமாகச் சொல்லிப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் உண்மை போலவே கேட்டது.

சனிக்கிழமை காலை கூடாரத்தை இழுத்துக்கொண்டு டெல்மர் வீட்டுக்குப் போனான். டெல்மர் கோலை ஊன்றிக்கொண்டு முற்றத்துக்கு வந்தான். இளைத்திருந்தான். கூடாரத்தைச் சுற்றி வந்து, குனிந்து உள்ளே பார்த்தான்.

"புதுச் சீட்டு" என்றான். வார்த்தை மெதுவாக வந்தது, ஆனால் தெளிவாக வந்தது.

"பழசு ஆட்டம் கண்டுடுச்சுடா. உனக்கு வாட்டமா இருக்கட்டும்னு... எல்லாம் உனக்காகத்தான்."

டெல்மர் அவன் முகத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தான். "மோசமில்ல" என்றான்.

"காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றாள் மார்லிஸ் வாசலிலிருந்து.

"இல்ல, வேண்டாம்."

"போட்டாச்சுப்பா."

"பரவால்ல, கிளம்பறோம்."

"ஆறிப் போகுது, வா." மூன்றாவது தடவை மறுப்பது அங்கே மரியாதையில்லை. வெர்லின் உள்ளே போனான்.

சமையலறை ஜன்னலோரம் அந்தச் சீட் இருந்தது. ஒரு மரப்பலகையில் போல்ட் போட்டு நிறுத்தியிருந்தார்கள். எதிரே தண்ணீர் நிறைந்த வாளி, அதன்மேல் சாய்த்து வைத்த குட்டித் தூண்டில். சீட்டின் கைப்பிடியில் டெல்மர் சுற்றிய வெள்ளி டேப், ஒரு முனை பிரிந்து தொங்குவது உட்பட, அப்படியே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே முற்றம். வெர்லின் வாரா வாரம் வண்டியை நிறுத்துகிற இடம்.

"சேல்ல கெடைச்சது" என்றாள் மார்லிஸ், காப்பியை ஊற்றிக்கொண்டே. "எந்தப் புண்ணியவான் தூக்கிப் போட்டானோ. குளிர்காலம் பூரா இதுல உக்காந்துதான் வாளிக்குள்ள தூண்டில் ஆட்டிப் பழகினாரு. உங்க கூடாரத்துச் சீட்டு மாதிரியே இல்ல?"

வெர்லினுக்குக் காப்பி நாக்கைச் சுட்டது. வாயில் வந்து உட்கார்ந்திருந்த பொய்யைக் காணோம்.

"இந்த மாடல் ஊர்ல எல்லார்கிட்டயும் கெடக்கு" என்றான் டெல்மர். "கிளம்பலாமா?"

ஏரியில் காற்று அடங்கியிருந்தது. துளை போட்டு, துணியைக் கவிழ்த்து, இருவரும் தூண்டில் இறக்கினார்கள். டெல்மர் தன் சீட்டில், இவன் தன் சீட்டில். பழைய ஈரக் கையுறை நாற்றம் கூடாரத்துக்குள் மெல்லப் பரவியது. வெர்லினுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"டெல்மர். அந்தச் சீட்டு..."

"தெரியும். சுத்தினது என் டேப்பு. மார்லிஸுக்குத் தெரியாது. எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"நான் வேணும்னு செய்யலடா."

"வேணும்னு செய்யாமத்தான் போல்ட்டைத் திருகினியா?" டெல்மர் நூலை லேசாக ஆட்டினான். "ஆஸ்பத்திரியில நான் என்ன சொன்னேன், சொல்லு பாப்போம்."

"வெளங்கலடா."

"வெளங்கலல்ல? பின்ன எதுக்கு ஆமா ஆமான்னு மண்டைய ஆட்டினே?"

"என்ன சொன்னே?"

"தண்ணி கேட்டேன்டா, மடையா. தாகமா இருக்கு, ஒரு வாய் தண்ணி குடுன்னேன். பாத்துக்கலாம்னுட்டுப் போயிட்ட."

வெர்லின் கையுறையால் முகத்தை மூடிக்கொண்டான். டெல்மர் சிரித்தான், கோணிய வாயால் சிரிக்க முடிந்த அளவுக்கு. பிறகு சிரிப்பு நின்றது.

"நான் இல்லாம வசதியா இருந்துச்சா?"

எத்தனையோ பதில்கள் இருந்தன. "இருந்துச்சு" என்றான் வெர்லின்.

டெல்மர் தூண்டிலைக் கொஞ்சம் உயர்த்தி மறுபடி இறக்கினான். "இல்லன்னு சொல்லியிருந்தா வீட்டுல கொண்டுபோய் விடுன்னு சொல்லியிருப்பேன்" என்றான். அப்போது அவன் தூண்டில் வளைந்தது. வெர்லினின் கை தானாக நீண்டது. "கைய எடு" என்றான் டெல்மர். தூண்டிலைத் தாங்கியில் செருகி, ஒற்றைக் கையால் சுற்றிச் சுற்றி, ஒரு பெர்ச் மீனை மேலே கொண்டுவந்து போட்டான். அது பனியில் துள்ளுவதை இருவரும் பார்த்தார்கள்.

"இந்தப் புதுச் சீட்டு சுத்துது. தலையும் சேந்து சுத்துது" என்றான் டெல்மர். "அடுத்த வாரம் என் பழைய சீட்டை மாட்டு. ஆனா மார்லிஸ்கிட்ட நீயே கேட்டு வாங்கு. உனக்காக ஒரு பொய் சொல்லியாச்சு, இன்னொண்ணு என்னால முடியாது."

பொழுது சாயும் நேரத்தில் திரும்பினார்கள். டெல்மர் முன்னறையில் உட்கார்ந்து ஒற்றைக் கையால் பூட்ஸை இழுத்துக்கொண்டிருந்தான். வெர்லின் ஆஸ்பத்திரியில் நின்ற மாதிரியே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மார்லிஸ், அந்தச் சீட்டு எங்களோடது. நான்தான் கழட்டிப் போட்டேன். இனி வரமாட்டான்னு நெனச்சிட்டேன்."

மார்லிஸ் கையைத் துடைத்துக்கொண்டாள். "தெரியும்ப்பா. அந்த உறை கிழிஞ்சப்போ தெச்சுக் கொடுத்தது யாருன்னு நெனச்ச? என் தையல் எனக்குத் தெரியாதா?"

பூட்ஸ் இழுக்கும் சத்தம் நின்றது.

"கழட்டினதுகூட போகட்டும். வாரா வாரம் வந்து, வாசலோட ஓடினியே வெர்லின். உன் வண்டிச் சத்தம் கேட்டா அந்தச் சீட்டுல நிமிந்து உக்காருவாரு. நீ ஓடறதை ஜன்னல் வழியா பாப்பாரு. பாத்துட்டுத் திரும்ப வாளியைப் பாப்பாரு."

மார்லிஸ் உள்ளே போய், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய லவோனின் பாத்திரங்களை அட்டைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தாள். பெட்டி கைக்கு வந்ததுமே, இருக்க வேண்டிய கனம் அதில் இல்லை என்று வெர்லினுக்குத் தெரிந்துவிட்டது.

"அடுத்த சனிக்கிழமை வா. சீட்டைக் கழட்டி வெக்கறேன்" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டில் லவோன் ஆசையாகப் பெட்டியைப் பிரித்தாள். மேல் பாத்திரத்தைத் தூக்கிப் பார்த்தாள். அடுத்ததை. அதற்கும் அடுத்ததை. பளபளவென்று கழுவித் துடைத்திருந்தது, ஒன்றிலும் ஒரு துணுக்கு இல்லை. அவள் கடைசிப் பாத்திரத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் எதிரே உட்கார்ந்தாள்.

"என்ன பண்ணித் தொலைச்சீங்க?" என்றாள். "மொதல்லேருந்து சொல்லுங்க."