சுரண்டிய எம்

எதைக் கொண்டு சுரண்டியிருப்பான் அந்தத் தட்டான்? அரமா, வெறும் கத்தி முனையா? முழுதாக எடுத்துவிட்டோம் என்றே நினைத்திருப்பான்.

இர்மா வெள்ளிக் கெண்டியை ஜன்னல் பக்கம் திருப்பினாள். பாஸ்டனின் ஜனவரி வெளிச்சம் சாய்ந்து விழுந்ததும், சுரண்டி எடுத்த அந்த எம் எழுத்து மறுபடி எழுந்தது. அந்தக் காலத்து வழக்கப்படி மூன்று எழுத்துகள்: மேலே குடும்பப் பெயருக்கு பி, கீழே கணவனுக்கு ஜே, அருகில் மனைவிக்கு எஸ். அந்த எஸ்ஸுக்கு அடியில் இன்னொரு மனைவி இருந்தாள்.

பழைய வெள்ளிச் சாமான்களை உள்ளது உள்ளபடி வரைந்து வைப்பது அரசாங்கம் வேலையற்ற ஓவியர்களுக்குக் கொடுத்திருந்த நிவாரண வேலை. மேற்பார்வையாளர் கர்ட்டிஸ் அவள் பின்னால் வந்து நின்றார்.

"பிக்ஃபோர்ட் அம்மா போன் பண்ணாங்க. அவங்க கெண்டியில ஏதோ அழுக்க வரையுறியாமே?"

"அழுக்கு இல்ல சார். எழுத்து."

"அவங்க வம்சத்து சாரா சீதனமா கொண்டு வந்த கெண்டின்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காங்க. இப்ப நீ மூத்த தாரத்த எழுப்பிக் கூட்டிட்டு வர்ற." சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "படத்துல அது மேல சாம்பல் நிறத்துல ஒரு தீத்து தீத்தினா போயிடும். இல்லேன்னா எல்லாச் சாமானையும் திருப்பிக் கேக்குறாங்க. மேலிடம் உன்னத் தையல் கூடத்துக்கு அனுப்பிடும். என்னால தடுக்க முடியாது, இர்மா. ஆஸ்பத்திரிக்கு நைட்டி தைக்கப் போறியா?"

அவளுக்குத் தைக்கத் தெரியாது. இந்த மேசையை விட்டால் தூரிகை பிடிக்க வேறு இடமும் இல்லை. அந்த எம் மேரியோ மெர்சியோ, அவள்மேல் தனக்கு இரக்கம் ஏதும் இல்லை என்பதும் இர்மாவுக்குத் தெரிந்தது. கடுகடுப்பானவளாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் கண் பார்த்துவிட்டது. பார்த்ததை இல்லையென்று எழுதும் கை தன்னுடையதாக இருந்தால், நாளை எந்தக் கோட்டை அவள் நம்புவாள்?

"என்ன சொல்ற? அவங்களுக்கு நான் பதில் சொல்லணும்."

இர்மா மிக மெல்லிய தூரிகையைத் தேர்ந்து நீரில் நனைத்தாள். கெண்டியின் வளைந்த வயிற்றில் அவருடைய கறுப்புக் கோட்டின் பிம்பம் அகலமாக விரிந்து, மூன்று எழுத்துகளையும் அடியிலிருந்த எம் எழுத்தையும் மூடியிருந்தது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்," என்றாள். "வெள்ளியில நீங்க விழறீங்க."