சும்மா போட்ட ஊசி

வளைகுடாப் பாலைவனத்து முவைலாவில் டாக்டர் கௌஸ் முகைதீன் வீட்டுக்கு ஒன்பது வாசல் இருந்தது. மனுஷ உடம்புக்கும் ஒன்பது வாசல்தான், அதனால் டாக்டர் வீட்டுக்கு அது பொருத்தம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அவர் மனைவி ஷம்சியா சொல்லிக்கொள்ளவில்லை. அவள் பிறந்த கீழக்கரை வீட்டில் ஆம்பளை வாசல் ஒன்று, பொம்பளை வாசல் ஒன்று. அதற்கு மேல் ஒரு வீட்டுக்கு வாசல் எதற்கு என்று அவளுக்கு விளங்கவில்லை. "இது வீடா, புறாக்கூண்டா மச்சான்?" என்று தினம் ஒரு தரம் கேட்பாள். டாக்டர் ஏதாவது ஒரு வாசல் வழியாக வெளியே போய்விடுவார். அதற்கு மட்டும் அந்த வாசல்கள் உதவின.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் முவைலா என்றால் மணல். மணலுக்கு நடுவே கூலியாட்கள் தங்கும் கேம்ப், கேம்புக்கு அந்தப்பக்கம் மறுபடியும் மணல். டாக்டர் வாடகை வீட்டின் முன்கூடத்தில் கிளினிக் வைத்திருந்தார். படுத்துவிட்டவர்களைப் பார்க்க ஒரு பழைய பிக்கப்பில் தூரத்துக் கேம்புகளுக்குப் போவார். பிக்கப் மணலில் புதையும். நோயாளிகளே எழுந்து வந்து தள்ளுவார்கள். தள்ளி முடிப்பதற்குள் பாதிப் பேருக்கு வியர்த்துக் காய்ச்சல் விட்டுவிடும். மீதிப் பேரைப் பார்த்தால் போதும். கோடையில் தெர்மாமீட்டரை ஐஸ் பெட்டியில் வைத்துத்தான் கொண்டுபோவார். வெளியே எடுத்து வைத்தால் அது தானாகவே நூற்றிப் பத்துக்கு ஏறி, காய்ச்சல் இல்லாதவனையும் பயமுறுத்தும். ஒரு பட்டாணியரின் ஆட்டுக்கு வயிறு கிழிந்தபோது தையல் போட்டுவிட்டிருக்கிறார். அந்த ஆடு பிக்கப் சத்தம் கேட்டால் எழுந்து நின்றதாகச் சொல்வார்கள்.

கேம்ப் ஆட்களிடம் அவர் ஃபீஸ் வாங்குவதில்லை. மாசக்கணக்கில் சம்பளம் வராதவனிடம் என்ன வாங்குவது? வினை அங்கேதான் ஆரம்பித்தது.

முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கொத்தனார் ராக்கப்பன் ஒரு வாரமாகக் காய்ச்சலில் கிடந்தான். டாக்டர் ஊசி போட்டார், மாத்திரையை மாற்றினார், மறுபடி ஊசி போட்டார். காய்ச்சல் அசையவில்லை.

"மருந்துல ஏதோ கோளாறுப்பா," என்றார் டாக்டர்.

"மருந்து சரிதான் டாக்டர் பாய். நீங்க காசு வாங்கல பாருங்க, அதான். எங்க பக்கம் பச்சல கட்டுறவனுக்கே வெத்தல பாக்குல ஒத்த ரூவா வச்சுக் குடுப்பம். சும்மா போட்ட ஊசி ஒடம்புல ஒட்டாது."

"அதெல்லாம் மூடநம்பிக்கை."

"இருக்கட்டும். காச்சலு போகலேல்ல?"

வெள்ளிக்கிழமை ராக்கப்பன் கரண்டியும் சாந்துச் சட்டியுமாக நடுங்கிக்கொண்டே வந்தான். கிளினிக் வாசலில் ஒரு படி கட்டிப் பூசி, அதன் மேலேயே உட்கார்ந்தான். சாந்து காய்வதற்குள் காய்ச்சல் விட்டுவிட்டது.

சேதி கேம்ப் கேம்பாகப் பரவியது. தச்சு வேலை பார்க்கும் கார்மேகம் உட்கார முடியாத உபாதையோடு வந்து, குணமாகி, ஒரு கதவைச் செய்து தோளில் தூக்கிவந்தான். கதவு வைக்க இடம் இல்லை. அதற்கென்ன, இடுப்புவலிக்காரன் ஒருவன் சுவரைத் திறந்து கொடுத்தான். அவனுக்கும் வலி போயிற்று. கதவுகள் அப்படித்தான் பெருகின. மஞ்சள் காமாலை கண்ட பெயின்டர் கூடம் முழுக்க மஞ்சள் அடித்துவிட்டுப் போனான். எலக்ட்ரீஷியன் மணிமாறனுக்கு மாசம் ஒரு வியாதி. கடைசியில் சமையலறையில் சுவிட்சைப் போட்டால் குளியலறையில் விளக்கு எரிந்தது. வேண்டாம் என்று டாக்டர் தடுத்தால், தடுக்கப்பட்டவனுக்கு மறுநாளே வியாதி திரும்பியது. அவர் தடுப்பதை விட்டுவிட்டார்.

பிறகு ராக்கப்பனுக்குச் சிறுநீரகத்தில் கல் வந்தது. அது இறங்கிய வாரம் முற்றத்தில் மாடிப்படி கட்ட ஆரம்பித்தான்.

"மாடியே இல்லாத வீட்டுக்கு மாடிப்படி எதுக்குடா?" என்று ஷம்சியா தலையில் கை வைத்தாள்.

"கல்லு பெருசுக்கா. படியும் பெருசா இருந்தாத்தான் ஒட்டும்."

"அப்ப மாடி?"

"மாடிக்கு இன்னொரு சீக்கு வரட்டும்க்கா."

இந்த நிலைமையில்தான் ஒரு புதன்கிழமை ஹஸ்னைன் வந்தான். வீட்டுக்காரரான அரபியின் பாகிஸ்தானி டிரைவர் அவன். அந்த அரபியை எல்லாரும் அர்பாப் என்றே சொல்வார்கள். தைத் என்ற ஊர்ப் பக்கம் பேரீச்சந்தோட்டத்தில் இருந்தார். முழங்கால் வலியால் பல வருஷமாக இந்தப் பக்கம் வரவில்லை. வாடகையை ஹஸ்னைன்தான் வாங்கிப் போவான்.

"வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு அர்பாப் வீட்டைப் பார்க்க வர்றார்," என்றான். மஞ்சள் கூடத்தையும் மாடிப்படியையும் ஒரு தரம் பார்த்தான். "அல்லா மாலிக்," என்று சொல்லிவிட்டு, எந்த வாசல் வழியாக வந்தோம் என்று தெரியாமல் சற்று அலைந்து வெளியே போனான்.

அனுமதி இல்லாமல் சுவரில் ஒரு ஆணி அடிக்கக் கூடாது என்பது வாடகைப் பேச்சு. கிளினிக் லைசென்ஸ் அந்த வீட்டு விலாசத்தில் இருந்தது. வீடு போனால் கிளினிக் போச்சு.

"பார்த்துச் சொல்லிக்கலாம்," என்றார் டாக்டர்.

"என்னத்தைச் சொல்லுவீங்க? மாடியோடதான் வீட்டைக் குடுத்தீங்க, மாடியை யாரோ திருடிட்டாங்கன்னா?"

டவுனில் ரோலாவுக்குக் குடிபோவோம், கடைத்தெருவைக் கண்ணால் பார்ப்போம் என்று வருஷக்கணக்காக நச்சரித்தவள் அவள்தான். இப்போது அந்த மணல்காட்டை விட்டுப் போக வேண்டிவரும் என்றதும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இந்தப் பயல்களுக்கு ஜுரம் வந்தால் டாக்சி பிடித்து டவுனுக்கா போவார்கள்? பேசாமல் படுத்துக் கிடப்பார்கள். அவளுக்குத் தெரியும்.

வியாழன் சாயங்காலம் எல்லாரையும் கூப்பிட்டு முற்றத்தில் நிறுத்தினாள். "கட்டினவன் கட்டினதை இடிச்சுத் தள்ளுங்க. காலையில இது பழைய வீடா இருக்கணும்."

ஒருத்தனும் அசையவில்லை. ராக்கப்பன்தான் மெதுவாகச் சொன்னான். "குடுத்தத திரும்ப எடுத்தா சீக்கும் திரும்ப வந்துருமேக்கா."

"சரி. அவன் கட்டினதை நீ இடி. நீ கட்டினதை அவன் இடிக்கட்டும்."

"அப்ப அவன் சீக்கு எனக்கு வரும். யாரு எடுக்கிறானோ அவனுக்குத்தான."

ஷம்சியா பி.ஏ. வரை படித்தவள். இப்படிப்பட்ட பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்க அவளால் முடியவில்லை. சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டு பக்கத்துக் கதவை நோக்கிப் போனாள். "நானே பேத்து எடுக்கறேன். எனக்கு என்ன வருதுன்னு பாப்போம்."

"அக்கா," என்றான் கார்மேகம், தலையைக் குனிந்துகொண்டு. "அது என் கதவு. எனக்கு இருந்தது மூலம்க்கா."

ஷம்சியா கதவிலிருந்து ஓரடி பின்வாங்கினாள். பிறகு சுத்தியலை அலுங்காமல் தரையில் வைத்தாள். நம்பிக்கை இல்லைதான். ஆனாலும் எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தே தீர வேண்டும் என்று பி.ஏ.வில் சொல்லித்தரவில்லை.

வெள்ளிக்கிழமை அர்பாப் கைத்தடியோடு வந்து இறங்கினார். ஒரு வாசலில் நுழைந்து மூன்றாவதில் வெளியே வந்தார். மறுபடி நுழைந்தார். "ஷு ஹாதா? என்ன இது டாக்டர்?" என்றார். முற்றத்துக்கு வந்ததும் கைத்தடி நின்றது. "இந்தப் படி எங்கே போகுது?"

"எங்கேயும் போகல அர்பாப்," என்றார் டாக்டர். உண்மையைத் தவிர வேறு எதையும் சமயத்தில் சொல்லத் தெரியாத மனிதர்.

தன்னிடம் சொல்லாமல் மாடி கட்டி மறைக்கிறார்கள் என்று அர்பாப் முடிவு செய்துவிட்டார். கோபத்தில் முழங்காலை மறந்து கடகடவென்று ஏறினார். உச்சிப்படியில் நின்று பார்த்தார். வானம்தான் இருந்தது. அப்போது முழங்காலுக்கு ஞாபகம் வந்துவிட்டது. அப்படியே பூட்டிக்கொண்டது. ஏறவும் இடமில்லை, இறங்கவும் வழியில்லை.

டாக்டர் பையைத் தூக்கிக்கொண்டு மேலே போனார். ராக்கப்பன் குடை பிடித்தான். கார்மேகம் பின்னால் நின்று அர்பாபுக்கு முதுகு கொடுத்தான். வீங்கியிருந்த முழங்காலிலிருந்து டாக்டர் ஊசியால் ஒரு டீ கிளாஸ் நீரை இழுத்து எடுத்து, மருந்து போட்டார். அர்பாப் கைத்தடியை மேலேயே மறந்துவிட்டுச் சொந்தக் காலில் இறங்கி வந்தார்.

கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்து முடித்தார். நியாயமான மனிதர். "முழங்கால் வேற, வீடு வேற," என்றார். "மாசம் முடியறதுக்குள்ள வீட்டைக் காலி பண்ணிடுங்க. கலாஸ், அவ்வளவுதான்." பிறகு பர்ஸை எடுத்தார். "இது முழங்காலுக்கு. எவ்வளவு?"

"வேண்டாம் அர்பாப்," என்றார் டாக்டர், பழக்கதோஷத்தில்.

பர்ஸ் உள்ளே போயிற்று. வாசலில் நின்ற ராக்கப்பன் வாயைப் பொத்திக்கொண்டான். "போச்சு! காசு வாங்கலியே, பெரியவரு முட்டிக்கு ஒட்டாதே!"

"க்யா போலா?" என்று ஹஸ்னைன் கேட்டான். ராக்கப்பன் தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னான், தன் காய்ச்சல், தன் கல், கார்மேகத்தின் கதவு எல்லாவற்றையும் சேர்த்து. ஹஸ்னைன் அதை அரபியில் சொன்னான். அர்பாப் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்தார். முழங்கால் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். சுருக்கென்றது. சிரிப்பை நிறுத்திவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

"டாக்டர், காசைப் பிடி."

"அப்படி எல்லாம் ஒண்ணும் இல்லை அர்பாப், மருத்துவத்துல..." என்று ஆரம்பித்த டாக்டர், நீட்டிய பணத்தை வாங்கிவிடலாமா என்று கையை அரைகுறையாக எடுத்தார்.

"மச்சான், வாங்காதீங்க!" என்றாள் ஷம்சியா உள்வாசலிலிருந்து.

டாக்டர் திகைத்துப்போய்த் திரும்பினார். ஃபீஸ் வாங்குங்க, வாங்குங்க என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிவருபவள்.

"இந்த வீட்டுல யாரும் காசு குடுத்துக் குணமாகல, அவரவர் கையில என்ன இருக்கோ அதைத்தான் குடுத்தாங்கன்னு சொல்லுங்க. கொத்தனார் படி குடுத்தான், ஆசாரி கதவு குடுத்தான். அப்படியே சொல்லுங்க. மருத்துவம் அது இதுன்னு நடுவுல எதையும் சேர்க்காதீங்க."

டாக்டர் அப்படியே சொன்னார்.

அர்பாப் மஞ்சள் சுவரைப் பார்த்தார். கதவுகளைப் பார்த்தார். வெளியே குடையோடு நின்ற ராக்கப்பனைப் பார்த்தார். தன் கையில் என்ன இருக்கிறது என்று யோசிப்பவர் போல உள்ளங்கையையும் பார்த்தார். காலைக் கொஞ்சம் நீட்டி மடக்கினார்.

"வீட்டை வச்சுக்கோ," என்றார். "முழங்கால் வலிக்காத வரைக்கும் வீடு உன்னோடது. வலிச்சா அன்னைக்கே நான் வருவேன்."

சொல்லி முடித்து எழுந்தார். சுருக் இல்லை. ஒரு தரம் குந்திப் பார்த்து எழுந்தார். அதுவும் சரியாக இருந்தது. "யல்லா" என்று ஹஸ்னைனைக் கூப்பிட்டுக்கொண்டு, முதல் தடவையிலேயே சரியான வாசல் வழியாகப் போனார்.

அன்றிலிருந்து ஷம்சியாவின் துஆ நீண்டுவிட்டது. ஐந்து வேளையும் தொழுது முடித்துக் கையேந்தினால், தைத் தோட்டத்துப் பெரியவரின் வலது முழங்காலை ரப்பிடம் பெயர் சொல்லி ஒப்படைப்பாள். அதில் ஈரக்காற்று படக்கூடாது, அது ஒட்டகத்தில் ஏறக்கூடாது, மேடு பள்ளத்தில் சிக்கக்கூடாது என்று விவரமாகக் கேட்பாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த டாக்டர் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டார்.

"எனக்கும் ஏதாச்சும் கேக்கறியா புள்ள, இல்லையா?"

"கேப்பேன், கேப்பேன்," என்றாள் ஷம்சியா, ஏந்திய கையை இறக்காமல். "முதல்ல முட்டி. அப்புறம்தான் நீங்க."