மூன்றாவது குடம்

நிரஞ்சனா நாற்காலிகளை நகர்த்தி இடம் பண்ணிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்துக்குள் வந்தாள். சாம்பல் நிற முக்காடு, தோளில் துணிப்பை, அறுபது வயது இருக்கலாம். செருப்பைத் தூணோரம் கழற்றிவிட்டு, சவப்பெட்டியில் கிடந்த நிரஞ்சனாவின் அப்பா ரெங்கசாமியைத் தூரத்திலிருந்தே ஒரு தரம் பார்த்தாள். பிறகு கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள். கையிலிருந்த நாற்காலியை நிரஞ்சனா அப்படியே கீழே வைத்தாள். இவளேதான்.

எப்படித் தெரியும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் ஒரு வருடமாக மனசுக்குள் ஒருத்தியை நிற்கவைத்துத் திட்டிக்கொண்டிருப்பவளுக்கு, ஆள் நேரில் வந்தால் தெரியாமலா போகும்?

ரெங்கசாமி ஓய்வுபெற்ற கையோடு குடும்பத்தின் பூர்வீகம் தேடுகிறேன் பேர்வழி என்று கிளம்பியவர். பழைய நிலப் பத்திரம், பட்டாளத்து ஆள் பட்டியல், மக்கள்தொகைக் கணக்கு என்று எதையாவது நகலெடுத்து வந்து ஒரு நீலக் கோப்பில் செருகுவார். "கணக்கெடுப்புல ஒருத்தன் பேரும் இல்ல நிரு. தமிழங்க இத்தனை பேருன்னு எண்ணிட்டுப் போயிட்டான்," என்று மகளிடம் அலுத்துக்கொள்வார். அதுவரை சரிதான். போன வருடத்திலிருந்து ஞாயிறு தவறாமல் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, குவீன்ஸ்டவுனில் ரயில் ஏறி, ஆவணக் காப்பகத்துக்கு என்று போக ஆரம்பித்தார். ஒருநாள் நிரஞ்சனா எதேச்சையாகப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை அந்தக் காப்பகத்துக்கு விடுமுறை.

அதற்கப்புறம் எல்லாமே கண்ணில் பட்டது. சட்டைப் பையில் ஜாலான் புசார் காப்பிக்கடை ரசீது: தேநீர் இரண்டு, பரோட்டா இரண்டு. மேசையில் கிடந்த கைப்பேசித் திரையில், 'நாளைக்கு பத்து மணிக்கு வாங்க. ஒண்ணு கிடைச்சிருக்கு. சம்சு.' அப்பாவிடம் கேட்க வாய் வரவில்லை. அம்மாவிடம் சொல்ல மனசு வரவில்லை.

சாவும் ஞாயிற்றுக்கிழமைதான் வந்தது, அதே காப்பிக்கடையில். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவருக்காக ஆம்புலன்ஸை அழைத்ததும் கூடவே ஏறி வந்ததும் ஒரு பெண் என்று மருத்துவமனைத் தாதி சொன்னார். "உங்க சொந்தக்காரங்கன்னாங்களே, இப்பதான் இங்க இருந்தாங்க." சொந்தக்காரியாம். வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தால் நீலக் கோப்பையும் காணோம்.

"யாரு அது பின்னால?" என்று சித்தப்பா வடிவேலு காதோரம் கேட்டார். ரெங்கசாமிக்குக் கூடப்பிறந்தவர் இவர் ஒருவர்தான். கொள்ளி வைக்கப் போவதும் இவர்தான். "பழைய நிலத்துல பங்கு இருக்குன்னு யாராச்சும் கிளம்பி வந்திருக்கப் போறாங்க. அப்பவே சொன்னேன், ஊரெல்லாம் பத்திரம் தேடி அலையாதீங்கண்ணேன்னு. கேட்டாரா?"

"அப்பாவோட வேலை செஞ்சவங்க சித்தப்பா," என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு நிரஞ்சனா பின் வரிசைக்குப் போனாள். அம்மா பெட்டியின் தலைமாட்டில் பாயில் உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் திரும்பவில்லை. அந்த மட்டுக்கும் நல்லது.

"நீங்கதான் சம்சுவா?"

"சம்சுன்னிசா. நீ நிரஞ்சனாதானே? போட்டோ காட்டியிருக்காரு."

போட்டோ வேறு காட்டியிருக்கிறார். நிரஞ்சனாவுக்குக் காது சுட்டது. "ஆஸ்பத்திரியில இருந்து ஏன் ஓடிட்டீங்க?"

"உங்கம்மா அழுதுகிட்டு வந்தாங்க. அந்த நேரத்துல நான் யாருன்னு எங்கேருந்து ஆரம்பிக்கிறது?"

"இங்கயும் ஆரம்பிக்க வேணாம், ஆன்ட்டி." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எங்கம்மா நாப்பது வருஷம் அவரோட வாழ்ந்தவங்க. இன்னிக்கு சொந்தக்காரங்க எல்லாரும் உக்காந்திருக்காங்க. இவங்க முன்னால எங்கம்மா தலைகுனிஞ்சா என்னால தாங்க முடியாது. தயவுசெஞ்சு போயிருங்க."

சம்சுன்னிசா அவளையே பார்த்தாள். சொன்னதன் அர்த்தம் மெல்லத்தான் உறைத்தது போலிருந்தது. முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. "யா அல்லா," என்று முனகினாள். கோபித்துக்கொள்வாள் என்று நிரஞ்சனா எதிர்பார்த்தாள். அவளோ பையைத் திறந்து நீலக் கோப்பை எடுத்து நீட்டினாள்.

"ஞாயித்துக்கிழமை கடை மேசையிலயே கிடந்துச்சு, அப்புறமாப் போய் எடுத்து வெச்சேன். குடுத்துட்டு, அவர ஒருதடவ பாத்துட்டுப் போயிரலாம்னுதான் வந்தேன். மொதப் பக்கத்த மட்டுமாச்சும் படிச்சுப் பாரும்மா."

நிரஞ்சனா அதைப் பிடுங்காத குறையாக வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். படிப்பதா? வீட்டுக்குப் போய்க் கிழித்துப் போட வேண்டும். அதற்குள் முன்னாலிருந்து, சடங்கு செய்ய வந்திருந்த பண்டாரம் குரல் கொடுத்தார். "நீர்மாலைக்கு நேரமாச்சு. குளிப்பாட்டத் தண்ணிக்குக் குடம் எடுக்கறவங்க வாங்க."

மூன்று பித்தளைக் குடங்கள். ஒன்று வடிவேலுவுக்கு, ஒன்று அவர் மகனுக்கு. மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு பண்டாரம் கேட்டார், "கூடப்பொறந்த பொண்ணு இருக்கா? இல்லன்னா பங்காளி வீட்டுப் பொண்ணு?"

"எங்க வம்சத்துலயே பொண்ணு கம்மி. அவரு மகளே எடுக்கட்டும்," என்றார் வடிவேலு. குடம் நிரஞ்சனாவின் இடுப்புக்கு வந்தது. ஒரு பக்கம் குடம், ஒரு பக்கம் கோப்பு.

"பேரு சொல்லணும். இறந்தவருக்கு அப்பா பேரு?"

"சின்னையா."

"தாத்தா?"

"மாரிமுத்து."

"பூட்டன்?"

வடிவேலு தொண்டையைச் செருமினார். "அவரு பட்டாளத்துல சிப்பாயா வந்தவரு. இந்த ஊருக்கு மொதல்ல வந்ததே அவருதான்."

"அது உத்தியோகம். பேரு என்ன?"

வடிவேலு மகனைப் பார்த்தார், மகன் குடத்தைப் பார்த்தான். "தெரியலன்னா பரவால்ல, சாமி பேரச் சொல்லிக்கலாம்," என்றார் பண்டாரம். அவருக்கு இது பழக்கம். நிரஞ்சனாவுக்குத்தான் சுருக்கென்றது. ஆறு வருடம் அப்பா அலைந்தது இந்த ஒரு பெயருக்காக. அது தெரியாமலேயே அவரை அனுப்பிவிடுவதா? என்ன கோபம் இருந்தாலும் அது பாவம். குடத்தைத் தரையில் வைத்துவிட்டுக் கோப்பைத் திறந்தாள்.

முதல் பக்கம் அப்பாவின் கையெழுத்து. தேதி, இறந்த அதே ஞாயிறு. உச்சியில் உடையப்பன் என்று எழுதி இரண்டு தடவை அடிக்கோடு போட்டிருந்தார். அதிலிருந்து இரண்டு கிளை. ஒன்றில் மாரிமுத்து, சின்னையா, அப்பா, சித்தப்பா. மற்றதில் மாரிமுத்துவின் தம்பி: மதம் மாறி இஸ்மாயில் ஆனவர், ஜாலான் புசாரில் கல்யாணம் கட்டி அங்கேயே தங்கிவிட்டவர். அவருக்கு ஒரு மகன். அந்த மகனுக்கு ஒரு மகள். சம்சுன்னிசா. பெயருக்குப் பக்கத்தில், 'என் தங்கச்சி.'

கீழே பொடி எழுத்தில்: 'பத்திரம் தங்கச்சி வீட்டுப் பெட்டியில் கிடைத்தது. உடையப்பன் மக்கள் என்று அண்ணன் தம்பி இருவர் பெயரும் இருக்கிறது. பட்டாளத்துப் பட்டியலிலும் உடையப்பனைப் பார்த்துவிட்டேன். சிப்பாய் இல்லை, தண்ணீர் சுமந்தவர். வடிவேலுவிடம் பக்குவமாகச் சொல்லணும். இன்று ராத்திரி வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிட வேண்டும்.'

நிரஞ்சனா அதை இரண்டாம் தடவை படித்தாள். எழுத்து கலங்கியது. அப்பாவை என்னவெல்லாம் நினைத்தோம் என்று நினைக்கவே கூசியது.

"உடையப்பன்," என்றாள்.

"யாரு சொன்னா?" என்றார் வடிவேலு.

"அப்பா எழுதியிருக்காரு."

பண்டாரம் அந்தப் பெயரைச் சொல்லி மந்திரத்தைத் தொடர்ந்தார். நிரஞ்சனா திரும்பிப் பார்த்தாள். கடைசி வரிசை காலியாக இருந்தது. தூணோரம் சம்சுன்னிசா குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அத்தை."

பிறந்ததிலிருந்து யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. நாற்காலிகளில் இருந்த தலைகள் எல்லாம் திரும்பின. சம்சுன்னிசா செருப்பு மாட்டிய ஒரு காலோடு அப்படியே நின்றாள்.

பாயிலிருந்து அம்மா நிமிர்ந்தார். "யாரு நிரு அது?"

"அப்பாவுக்குத் தங்கச்சிம்மா. பங்காளி வீட்டுப் பொண்ணு."

வடிவேலு எதையோ சொல்ல வாயெடுத்தார். அம்மா அவரைப் பார்க்கவில்லை. அந்தச் சாம்பல் நிற முக்காட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி வாசலில் பார்த்த முகம் என்று நினைவு வந்ததோ என்னவோ.

"அப்ப அந்தக் குடத்த நீ ஏன் வெச்சிருக்க?" என்றார்.

புளோக்கின் பின்னால் இருந்த குழாயில் சம்சுன்னிசா சட்டைக் கையை முழங்கைவரை ஏற்றிவிட்டுத் தண்ணீர் பிடித்தாள். குடம் கழுத்துவரை நிறைந்துவிட்டது. கொஞ்சம் கொட்டிவிடலாம் என்று நிரஞ்சனா சொன்னாள். வேண்டாம் என்று தலையாட்டி, அப்படியே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். வடிவேலுவும் மகனும் முன்னால் போனார்கள். அவள் மெதுவாகத்தான் நடந்தாள். சிமெண்டுத் தரையில் சொட்டிக்கொண்டு போன தண்ணீரை மிதிக்காமல் நிரஞ்சனா பின்னால் வந்தாள்.