வெள்ளிக்கிழமை திருப்பிக் கொடுத்த கமிஷன்

ஆடிட்டர் துளசிராமன் என் வரிக் கணக்கிலிருந்து நிமிர்ந்தார். "மனை வித்த கமிஷன் மொத்தமும் உங்க வருமானம்தாம்மா. திருப்பிக் கொடுத்ததா கணக்குலயே இல்ல."

கொடுத்தேனே! வேப்பம்பட்டில் நான் விற்றுத் தந்த மனையை, வாங்கியவர் வேண்டாமென்று ரத்து செய்ததும், கம்பெனி கமிஷனைத் திருப்பிக் கேட்டது. முழுசாகக் கொடுத்தேன். அதைக் கழிக்காவிட்டால் வருமானம் வரம்பைத் தாண்டிவிடும். மகள் பூமிகாவுக்குக் காலேஜ் உதவித்தொகை கிடைக்காது.

அங்கேயே கம்பெனி மேனேஜர் முரளிக்கு போன் போட்டேன்.

"உங்க பாக்கி அப்படியே நிக்குதும்மா. ஏஞ்சல்னு ஒருத்தங்கதான் பணம் போட்டுக்கிறாங்க. அத அவங்க பேர்ல மனை அட்வான்ஸா எழுதிக்கினோம்."

அடப்பாவிகளா!

அவர்கள் பணம் கேட்ட அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டிலிருந்து பைசா வெளியே போகாது, லட்சுமி போய்விடுவாளாம். கம்பெனியோ அன்றைக்கே வேண்டும் என்று குதித்தது. பக்கத்து வீட்டு ஏஞ்சலுக்கு அந்த வழக்கமெல்லாம் கிடையாது. அவள் கணக்கிலிருந்து அனுப்பச் சொல்லிவிட்டு, மறுநாள் அவளிடம் ரொக்கமாகக் கொடுத்தேன். லட்சுமிக்கே டிமிக்கி கொடுத்த புத்திசாலி நான்.

"உங்களுக்காக அனுப்புன பணம், தன்னுது இல்லைன்னு அவங்க கையெழுத்து போட்டா மாத்திடலாம்," என்று, நான் நடந்ததைச் சொன்னதும் ஒரு கடிதத்தை அடித்துக் கொடுத்தார் துளசிராமன். "போடுவாங்களா?"

அந்தக் கேள்விதான் என்னை உலுக்கிவிட்டது. ஏஞ்சல் இருப்பது வாடகை வீடு, பிழைப்பு தையல். நான் ரொக்கம் கொடுத்ததற்குச் சாட்சி கிடையாது. மனை என்னுது என்று அவள் சொல்லிவிட்டால்?

நேராக அவள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஏஞ்சல் மிஷினை நிறுத்தினாள்.

"என் பேர்ல மனையாக்கா?"

"ஆமா ஏஞ்சலு."

அவள் பார்வை ஜன்னலுக்கு வெளியே போனது.

"குடு பேப்பர." கையெழுத்துப் போட்டாள். "ஒரு நிமிஷத்துல ஊடு கட்டி, குடியே போய்ட்டேங்கா," என்று சிரித்தாள். கண் கலங்கியிருந்தது. "சீக்கிரம் எடுத்துக்கினு ஓடு. நாளைக்கு வெள்ளிக்கெழம. பேப்பரும் வெளிய போவாதுன்னுவ."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சந்தேகப்பட்டதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.